ஏழு மாதமாக வாளி வரையும் பிள்ளை

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். பதினைந்து வயது மகள் சனிக்கிழமைகளில் ஓர் ஓவியப் பள்ளிக்குப் போகிறாள். ஏழு மாதமாகப் பென்சிலும் கரியும்தான். வர்ணத்தைத் தொட மாஸ்டர் விடவில்லை. வாளி, செம்பு, வேலிக் கம்பு, பழைய சப்பாத்து என்று மாறி மாறி வரைய வைக்கிறார். சேர்வதற்கு முன்பு கைப்பேசியில் படத்தைப் பார்த்து நடிகர்களின் முகங்களை அச்சு அசலாக வரைந்த பிள்ளை, இப்போது வீட்டுக்குக் கொண்டுவருவதெல்லாம் கோணல் வாளிகள். கட்டணமும் பஸ் காசும் வீணாகின்றனவா, வேறு வகுப்புக்கு மாற்றலாமா என்பது அவருடைய கேள்வி.

அம்மா, வர்ணம் எப்போது என்று நீங்கள் கேட்டாலும், உங்களை உறுத்துவது வேறொன்று என்று நினைக்கிறேன். நன்றாக வரைந்துகொண்டிருந்த பிள்ளை பள்ளிக்குப் போய்க் கெட்டுப்போனாளா என்பதுதான் அது. கெடவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஏழு மாதம் என்ற கணக்கில் எனக்கும் அந்த மாஸ்டருக்கும் ஒத்துவராது. நான் யாழ்ப்பாணத்தில் பயின்றவன். இருபது வருடங்களுக்கு மேலாகச் சித்திரம் படிப்பிக்கிறேன், 2010இலிருந்து கிளிநொச்சியில். உங்கள் மகளின் படங்களை நான் பார்த்ததில்லை, அவளுடைய மாஸ்டரையும் அறியேன். ஆகவே அவளைப் பற்றி நான் சொல்வது ஊகம். வாளியைப் பற்றிச் சொல்வதை மட்டும் நீங்கள் நம்பலாம்.

எங்கள் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் முதல் நாள் ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, விரும்பியதை வரையச் சொல்வேன். பத்தில் ஏழு பேர் வரைவது ஒரே படம்: இரண்டு மலை, நடுவே உதிக்கும் சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு, கரையில் தென்னை, ஒரு குடிசை. கிளிநொச்சியில் எங்கே மலை? இரணைமடுக் குளக்கட்டில் ஏறி நின்றால் தண்ணீரும் வயலும் காடும்தான். கண்ணுக்கு எட்டிய வரை தட்டையான நிலம். இந்தப் பிள்ளைகளில் பலர் மலையை நேரில் கண்டதே இல்லை. தினமும் காணும் பனை வடலியை விட்டுவிட்டுக் காணாத மலையை ஏன் வரைகிறார்கள் என்றால், ‘காட்சி’ என்ற சொல்லுக்கு உரிய படம் ஏற்கெனவே அவர்கள் கையில் மனப்பாடமாக இருக்கிறது. ஓவியப் பள்ளியின் முதல் வருடம் முழுவதும் அந்த மனப்பாடத்தை அழிக்கும் வேலைதான். அழிக்கும்போது படம் அசிங்கமாகத்தான் இருக்கும்.

இனி வாளி. வாளியின் வாய் வட்டம் என்பது பிள்ளைக்குத் தெரியும். அது நிலத்தில் தட்டையாக அமர்ந்திருக்கிறது என்பதும் தெரியும். ஆகவே வாயை வட்டமாகவும் அடியை நேர்கோடாகவும் வரைவாள். அவள் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாய் ஒடுங்கிய நீள்வட்டம். அடி, கீழ்நோக்கி வளைந்த கோடு. இன்னும் ஒன்று, கண் மட்டத்திலிருந்து கீழே போகப் போக அந்த நீள்வட்டம் விரிந்துகொண்டே போகும். அதாவது வாயைவிட அடியின் வளைவு அதிகம். இதில் சந்தேகமே இல்லை, யார் எங்கே இருந்து பார்த்தாலும் வாளி கண் மட்டத்துக்குக் கீழே இருக்கும் வரை இதுதான் நடக்கும். இதை நான் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் பாடமாக்கிவிடுவார்கள். அடுத்த வாரம் மறுபடியும் தட்டை அடிதான் வரும். அது கண்ணில் ஏறுவதற்கு மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஆறு மாதமும் ஆகும். நான் எந்தப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தாலும் முதலில் வாளியின் அடியைத்தான் பார்ப்பேன். பார்த்து வரைந்தாளா, நினைத்து வரைந்தாளா என்பது அங்கே தெரிந்துவிடும்.

கைப்பேசிப் படத்தைப் பார்த்து வரைவதில் ஏன் இந்தச் சிக்கல் வரவில்லை? கமரா அந்த வேலையை ஏற்கெனவே முடித்துவிட்டது. கனமுள்ள ஒரு முகத்தைத் தட்டையாக்கி, ஓரம் வெட்டி, வெளிச்சத்தை ஒரே இடத்தில் நிறுத்திக் கொடுத்திருக்கிறது. எஞ்சியது ஒரு தட்டையிலிருந்து இன்னொரு தட்டைக்கு மாற்றுவது. அதிலும் கட்டம் போட்டுக்கொண்டால் பொறுமையுள்ள எவருக்கும் கைகூடும். இதை இழிவாகச் சொல்லவில்லை. கோயில் சுவர்களுக்கும் பெரிய பதாகைகளுக்கும் எழுதுகிறவர்கள் கட்டம் போட்டுத்தான் பெருப்பிக்கிறார்கள், அது நல்ல தொழில். உங்கள் மகளுக்குப் பொறுமையும் கைத்திடமும் இருக்கின்றன என்பதற்கு அந்த நடிகர் முகங்கள் சாட்சி. ஆனால் என்னிடம் வந்த ஒரு பையன், பென்சிலால் ஒரு முகத்தை மயிர்க்கால் தெரிய வரைவான். தன் காலில் கிடந்த செருப்பைக் கழற்றி வைத்து வரையச் சொன்னபோது அழாக்குறையாக நின்றான். முகம் அவனுக்குத் தட்டையாக வந்த பொருள், செருப்பு அப்படி வரவில்லை.

அந்த இடைவெளியைக் கடக்க நாங்கள் கொடுக்கும் பயிற்சிகள் மிகச் சாதாரணமானவை. கையை நீட்டி, முழங்கை மடியாமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பென்சிலால் அளப்பது. முழங்கை மடிந்தால் கண்ணுக்கும் பென்சிலுக்கும் உள்ள தூரம் மாறி அளவு பொய்யாகிவிடும். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு எது எதற்கு நேர் கீழே வருகிறது என்று பார்ப்பது. வேலிக் கம்பை வரையாமல் கம்புகளுக்கு நடுவே உள்ள வெளியை வரைவது. அந்த வெளிக்குப் பெயர் இல்லை, ஆகையால் அதைப் பற்றிய மனப்பாடமும் இல்லை. பிள்ளை பார்த்தே ஆகவேண்டும். படத்தைத் தலைகீழாக வைத்து வரைய வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். மூளையின் வலப் பாதி விழித்துக்கொள்கிறது என்று அதற்கு ஒரு விளக்கம் நெடுங்காலமாக உலவுகிறது. அதை நம்பச் சொல்ல மாட்டேன், மூளை அவ்வளவு நேர்த்தியாக இரண்டாகப் பிரிந்து வேலை செய்வதில்லை. பயிற்சி பலன் தருகிறது என்பதை மட்டும் கண்ணால் கண்டிருக்கிறேன். உங்கள் மாஸ்டர் வேலிக் கம்பை வரைய வைக்கிறார் என்றவுடனேயே, அவர் தொழில் தெரிந்தவராக இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியது.

அப்படியானால் வர்ணத்தில் ஏன் நான் அவரோடு முரண்படுகிறேன்? கோடு முதலில், வர்ணம் பிறகு என்ற வரிசை எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால் அது கல்லில் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. ஐரோப்பியக் கலைக் கழகங்களில் மாணவன் முதலில் அச்சுப் படத்தைப் பார்த்து வரைவான், பிறகு சாந்துச் சிலையை, பிறகு உயிருள்ள மனிதரை. வர்ணம் அதற்குப் பின்புதான். 1850இல் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளி போன்ற காலனித்துவ கால நிறுவனங்கள் வழியாக இந்தக் கோடு முதல் வழக்கம் எங்கள் பக்கமும் ஊறியது. ஆனால் எங்களிடமே வேறு வழிகளும் இருந்தன. கண்டிய ஓவியப் பரம்பரையில் சிறுவன் முதலில் பழகியது ‘வக்க தெக்க’ என்ற இரட்டை வளைவை. இலங்கையில் சித்திரப் பாடத்தின் பரிசோதகராக 1920இல் வந்த விண்சர், பாடசாலைச் சித்திரத்தைச் செத்த பொருளைப் பிரதி செய்வதிலிருந்து விடுவிக்க முயன்றவர்களில் ஒருவர். அவர் பெயரில் 1938இல் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் ஒரு கலைக் கழகம் தொடங்கினார். பிறகு ஓவியர் மாற்கு மாஸ்டர் விடுமுறைக்கால ஓவியர் கழகம் நடத்தினார். எங்களுக்குப் படிப்பித்தவர்களில் சிலர் அந்த வழியில் வந்தவர்கள். தூரிகையைக் கையில் கொடுத்துவிட்டுப் பென்சிலைப் பிடுங்கிய ஆசிரியர் ஒருவரிடம் நான் ஒரு பருவம் படித்திருக்கிறேன். அழிறப்பர் இல்லாமல் வரைவது என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வன்னியில் வர்ணத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது வெளிச்சம். புத்தகங்கள் எல்லாம் வரையும் அறைக்கு வடக்குச் சன்னல் வை என்று சொல்லும். வடக்குச் சன்னலில் நேர் வெயில் விழாது, நிழல் நாள் முழுவதும் அசையாது என்பார்கள். அவை தூர வடக்கில் எழுதப்பட்ட புத்தகங்கள். நாங்கள் நிலநடுக்கோட்டுக்கு ஒன்பது பாகை சொச்சம் வடக்கில் இருக்கிறோம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வந்து, அதன்பின் ஆவணி நடுப்பகுதி வரை மத்தியானத்தில் வடக்குப் பக்கம்தான் நிற்கிறது. நானும் புத்தகத்தை நம்பி வடக்குப் பக்கச் சுவரை அரையோடு நிறுத்தித் திறந்த வகுப்பறை ஒன்று போட்டேன். வைகாசியில் பிள்ளைகளின் தாளில் வெயில் அடித்தது. இப்போது அந்தப் பக்கம் கிடுகுத் தட்டி கட்டியிருக்கிறேன். மத்தியானத்தில் பொருளின் நிழல் காலடியில் சுருண்டுவிடும். வரைவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே வகுப்பு காலை ஏழு மணிக்கு, அல்லது மாலை நான்குக்குப் பிறகு.

அந்தக் காலை வெளிச்சத்தில் வெள்ளைப் பூசிய ஒரு மதிலைப் பார்க்கச் சொல்லுங்கள். நிழல் விழுந்த பக்கத்தின் கீழ்ப்பகுதி செம்மஞ்சளாக இருக்கும். முன்னால் கிடக்கும் செம்மண் கிரவல் வீதி வெயிலை வாங்கி மதிலில் எறிகிறது. மேலே போகப் போக அதே நிழல் நீலமாகும். அது வானத்தின் வேலை. நிழல் என்றால் கறுப்பைக் கலப்பது என்று பென்சிலோடு மட்டும் வளர்ந்த பிள்ளை முடிவு செய்துவிடுகிறாள். ஏழு மாதம், ஒரு வருடம் என்று கரியிலேயே வைத்திருந்தால் அந்த முடிவு இறுகிவிடும். பின்பு வர்ணம் கொடுக்கும்போது எல்லாவற்றிலும் கறுப்பைக் குழைத்து அழுக்காக்குவாள். வாளியின் அடியைப் பார்க்கப் பழகுவதும் நிழலின் நிறத்தைப் பார்க்கப் பழகுவதும் ஒரே பழக்கம். என் வகுப்பில் இரண்டு மாதம் கோடு, ஒரு மாதம் கரியில் ஒளியும் நிழலும், அடுத்து ஒரே ஒரு நிறத்தைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகை வேலை, அதன்பின் மூன்று நிறம். இது எனக்குச் சரிவந்த கணக்கு. விதி என்று சொல்ல எவரிடமும் ஆதாரம் கிடையாது, என்னிடமும் இல்லை.

ஒருவேளை மாஸ்டர் வர்ணம் கொடுக்காததற்குக் கொள்கை காரணமாக இல்லாமல் காசு காரணமாக இருக்கலாம். 2022இல் தாளே கிடைக்காமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளைத் தள்ளிவைத்தார்கள். அதற்குப் பிறகு இறக்குமதி வர்ணங்களின் விலையைச் சொல்லவே வேண்டாம். அப்படியானால் கூச்சப்படாமல் அவரோடு பேசுங்கள், வழி இருக்கிறது. கிரவல் மண்ணை வாளித் தண்ணீரில் கரைத்துக் கலக்கி, ஒரு நிமிடம் விட்டால் மணல் அடியில் தங்கும். மேலே நிற்கும் செந்நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றிப் படியவிட்டு, தெளிந்த தண்ணீரை வடித்துக் காயவைத்தால் மிருதுவான சிவப்புத் தூள் கிடைக்கும். மஞ்சள் மண் அகப்பட்டால் அதையும் இப்படியே எடுக்கலாம். அதில் ஒரு பகுதியை ஓட்டுச் சட்டியில் வறுத்தால் சிவப்பாகும். மண்ணிலுள்ள இரும்புச் சேர்மத்தில் கட்டுண்ட நீர் வெளியேறுவதால் வரும் மாற்றம் அது, பிள்ளைகள் இதைக் காணக் கூட்டமாக அடுப்பைச் சுற்றி நிற்பார்கள். ஒட்டுவதற்கு விளாம்பிசின். பழைய சிங்கள ஓவியர்களும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். பிசினை இரவு முழுவதும் ஊறவைத்து வடித்து, சில துளி தேன் சேர்த்துத் தூளோடு குழைக்க வேண்டும். பிசின் கூடினால் காய்ந்தபின் வெடிக்கும், குறைந்தால் விரலில் தூளாக ஒட்டும். மண்ணுக்கு மண் அளவு மாறும், இரண்டு தரம் பழுதாக்கித்தான் பிடிபடும். கறுப்புக்கு விளக்குப் புகைக் கரி. அது தண்ணீரில் மிதந்து ஆட்டங்காட்டும், ஒரு துளி ஸ்பிரிட் விட்டால் அடங்கும். வெள்ளையை மட்டும் கடையில் வாங்குங்கள். நாட்டு மருந்துக் கடையில் பளபளவென்று கிடைக்கும் சிவப்புச் சாதிலிங்கத்தையும் மஞ்சள் அரிதாரத்தையும் வாங்கிவிடாதீர்கள். ஒன்றில் பாதரசம், மற்றதில் ஆசனிக்கு. அந்தக் கால ஓவியர்கள் பயன்படுத்தியது உண்மை, அதற்காகப் பிள்ளை கையில் கொடுக்க முடியாது.

மஞ்சள் மண், செம்மண், கரி, வெள்ளை. இந்த நான்கை வைத்துக்கொண்டு வயலை எப்படி வரைவது என்று பிள்ளைகள் கேட்பார்கள். மஞ்சளோடு கரியைக் கொஞ்சமாகச் சேர்த்தால் பச்சை வரும், கடும் பச்சை இல்லை, கதிர் முற்றுவதற்கு முந்திய நெல்லின் மங்கல் பச்சை. கரியும் வெள்ளையும் சேர்ந்த சாம்பலைச் செம்மண் நிறத்துக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு அது நீலமாகப் படும். நீலம் ஒரு துளியும் இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். செம்மண்ணைக் கையால் மறைத்துக் காட்ட வேண்டும். எனக்கு வருடத்தில் மிகவும் பிடித்த வகுப்பு அதுதான்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது. குடும்பத்தில் 2009இல் நேர்ந்த இழப்புகளைப் பற்றிப் பிள்ளை வீட்டில் கேட்டு வளர்ந்திருக்கிறாள், அதை வரைய மாஸ்டர் தூண்டினால் அவள் மனதுக்கு நல்லதல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உளவளத்துணையாளன் இல்லை. வரைதல் மனக்காயத்தை ஆற்றுமா என்பதில் என்னால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. சிலருக்கு ஆறுதல் தந்ததைப் பார்த்திருக்கிறேன், ஒரு பிள்ளை பாதியில் தாளைக் கிழித்துவிட்டு இரண்டு வாரம் வராமல் போனதையும் பார்த்திருக்கிறேன். எனக்கு உறுதியாகத் தெரிந்தது சித்திரத்தைப் பற்றி மட்டும்தான்: போரில் இடம்பெயர்ந்தவர்களின் முகாம்களில் மெழுகு வர்ணத்தைக் கொடுத்து ‘நடந்ததை வரையுங்கள்’ என்று பெரியவர்கள் கேட்டபோது, மூன்றாம் நாளே எல்லாத் தாளிலும் ஒரே ஹெலிகொப்டர், ஒரே எரியும் வீடு வந்தது. இரண்டு மலையும் சூரியனும் போலவே அதுவும் ஒரு மனப்பாடம் ஆகிவிட்டது. கேட்கிறவர் எதை எதிர்பார்க்கிறார் என்பதைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அவள் தானாக வரைந்தால் வரையட்டும். மாஸ்டர் கேட்காமல் இருப்பதை நான் குறையாக எடுக்க மாட்டேன்.

வகுப்பை மாற்றுவதா என்பதற்கு வருகிறேன். சுவரில் தொங்கும் படங்களின் அழகைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எல்லாப் பிள்ளைகளின் படமும் ஒரே மாதிரி அழகாக இருந்தால் அங்கே வரைந்தது மாஸ்டரின் கை. இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, ஏனென்றால் நானே செய்திருக்கிறேன். ஒரு போட்டிக்காக ஒரு பிள்ளையின் தாளில் மாட்டின் காலை ‘கொஞ்சம்’ திருத்தினேன்; பிறகு முதுகையும் திருத்தினேன். அவளுக்குப் பரிசு கிடைத்தது. அடுத்த வாரம் அவள் மாடு வரைய மறுத்துவிட்டாள், தனக்கு வராது என்று. அன்றிலிருந்து பிள்ளையின் தாளில் நான் பென்சில் வைப்பதில்லை. பக்கத்தில் வேறு தாளில்தான் காட்டுவேன். உங்கள் மாஸ்டர் கோணல் வாளியைக் கோணலாகவே வீட்டுக்கு அனுப்புகிறார் என்றால் அது நல்ல அறிகுறி.

பரீட்சை, எதிர்காலம் பற்றிச் சுருக்கமாக: சாதாரண தரத்தில் சித்திரத்தை அழகியல் பாடமாக எடுக்கலாம், உயர்தரத்திலும் தொடரலாம். மருதனார்மடத்திலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் பீடத்திலும், மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் காண்பியக் கலை படிக்க வழி உண்டு. தகுதி நிபந்தனைகளும் நுழைவுச் செயன்முறைத் தேர்வுகளும் மாறக்கூடியவை, அந்தந்த வருடப் பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூலைப் பார்க்க வேண்டும். அங்கே எல்லாம் பொருளை முன்னால் வைத்து வரையக் கேட்டால் நடிகர் முகம் உதவாது.

ஆகவே இப்போதைக்கு மாற்ற வேண்டாம். மாஸ்டரிடம் போய், தூரிகையில் ஒரே நிறத்தோடு தொடங்கலாமா என்று மரியாதையாகக் கேளுங்கள். காரணம் சொல்லி மறுத்தால் அந்தக் காரணத்தைக் கேளுங்கள். எரிந்து விழுந்தால் அப்போது யோசிக்கலாம். கைப்பேசியைப் பறிக்காதீர்கள், நடிகர்களையும் அவள் வரையட்டும். இன்றிரவு அவளுடைய கொப்பியை எடுத்து முதல் மாத வாளியையும் கடைசியாக வரைந்த வாளியையும் அடுத்தடுத்து வைத்து, அடி வளைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டிலும் தட்டையாகவே இருந்தால் எனக்கு எழுதுங்கள், ஒரு நாள் காலை ஏழு மணி வகுப்புக்குக் கூட்டி வரலாம். வரும்போது அந்த வாளியையும் கொண்டுவாருங்கள்.